வெள்ளிக்கிழமைத் தலைவலி

எங்கள் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆகாது. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. இரண்டில் வெள்ளிதான் மோசம். காலையில் நன்றாக எழுந்து வேலை பார்த்தவர், மத்தியானம் நெற்றிப்பொட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். வலப்பக்கம் மட்டும்தான் வலி. அதைத்தான் நம் ஊரில் ஒத்தத் தலைவலி என்பார்கள்.

1950களின் கடைசியில் நாங்கள் ஆரப்பாளையம் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஹார்வி மில்லில் வேலை. அம்மா படுத்திருக்கும்போது மில் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்வார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று பழைய சேலையை நாலாக மடித்துத் தொங்கவிடுவார். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். இரண்டு தடவை வாந்தி எடுப்பார். இருட்டிய பிறகு ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருப்பார்.

அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, காயம் இல்லை. நேற்றுச் செத்துப் பிழைத்தவர் இன்று மாவாட்டுகிறார் என்றால் அது என்ன நோய்? எங்கள் அப்பத்தா நேராகவே கேட்பார். "நாளு கெழமையில மட்டும் தல வலிக்குமாம்ல. அதென்ன நாள் பாத்து வர்ற வலி?"

மல்லிகைப் பூ விஷயம் இன்னொன்று. மதுரையில் சுமங்கலிப் பெண் வெள்ளிக்கிழமை பூ வைக்காமல் இருப்பதா? அம்மா வைத்துக்கொள்வார். ஆனால் வலி ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பூவை எடுத்து, ஒரு பித்தளைச் செம்பில் போட்டுக் கொல்லைப்புறத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அந்த வாசனை மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருக்கும் என்பார். அதைப் பார்த்தால் அப்பத்தாவுக்கு முகம் மாறிவிடும். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அந்த நெடியில் அம்மா இன்னொரு தடவை வாந்தி எடுப்பார்.

அவர்களை மட்டும் சொல்வானேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை பசியோடு வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் ஒன்றும் இல்லை. கதவைத் தள்ளித் திறந்து, "உனக்கு எப்பப் பாத்தாலும் தலைவலிதானா?" என்று கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டே சோறு வடித்துப் போட்டார். அன்று சாப்பிட்ட சோறு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது என் பேத்திக்கு அதே வலி வருகிறது. சென்னையில் வேலை பார்க்கிறாள். "மைக்ரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி லீவு எடுத்துக்கொள்கிறாள், யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. இரண்டு தலைமுறைக்குள் இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த நோயின் மருந்துக் கதையில் என் துறைக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

பெயர் மட்டும் பழையது

தலையில் பாதியை மட்டும் பிடிக்கும் வலி என்று இதைப் பழங்காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். கிரேக்க மருத்துவர் காலன் வைத்த பெயர் 'ஹெமிகிரேனியா', அதாவது பாதி மண்டை. அதுதான் வாயில் தேய்ந்து தேய்ந்து மைக்ரேன் ஆயிற்று. நம் நாட்டில் சரகரும் சுசுருதரும் சொன்ன பெயர் 'அர்த்தாவபேதகம்'. பாதித் தலையைப் பிளப்பது என்று பொருள். பதினைந்து நாளைக்கு ஒரு முறையோ பத்து நாளைக்கு ஒரு முறையோ, காரணமே இல்லாமல் திடீரென்றோ வரும், தலை சுற்றும் என்று சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. சரகர் சொல்லும் காரணங்களில் பனி, கீழைக்காற்று, மிஞ்சிய உழைப்பு, இயற்கை உபாதைகளை அடக்குவது எல்லாம் உண்டு. வெயில் ஏற ஏறக் கூடி, சாயச் சாயக் குறையும் வலிக்குச் 'சூரியாவர்த்தம்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் கபால நோய்கள் ஒரு பெரிய பகுதி.

பெயர் இருந்தது, விவரம் இருந்தது, மருந்துதான் கைப்பழக்கத்தில் நின்றது. எங்கள் வீட்டில் சுக்கை உரசிப் பற்றுப் போடுவார்கள். காய்ந்தால் நெற்றித் தோல் இழுக்கும். நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுக்க வைப்பார்கள். அதெல்லாம் போக, மஞ்சள் களிம்பு அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் ஆரம்பித்து, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்த மருந்து. சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே ஊரெல்லாம் பரப்பினார் என்பார்கள். அம்மாவின் அறைக்குள் நுழைந்தால் அந்த வாசனைதான்.

மேல்நாட்டில் பணக்காரர்களுக்கும் இதே கதிதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆன் கான்வே என்று ஒரு சீமாட்டி இருந்தார். தத்துவ நூல் எழுதிய அறிவாளி. சின்ன வயதிலிருந்தே கடுமையான தலைவலி. உடம்பில் இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று கண்டுபிடித்த வில்லியம் ஹார்வியே அவருக்கு வைத்தியம் பார்த்தார். பாதரசம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டில் துளை போட்டுக்கொள்வதற்காக 1656இல் அந்த அம்மாள் பாரிஸ் வரை போனார், அங்கே அதற்கு யாரும் துணியவில்லை. பிறகு தாமஸ் வில்லிஸ் என்ற பெரிய மருத்துவர் பார்த்தார். மூளையைச் சுற்றி ஓடும் இரத்தக் குழாய்கள் விரிவதால்தான் இந்த வலி என்று 1672இல் எழுதியவர் அவர்தான். அந்த அம்மாளுக்குக் கடைசி வரை குணமாகவில்லை.

ஆனால் வில்லிஸ் சொன்ன இரத்தக் குழாய்க் கருத்து முந்நூறு வருஷம் நின்றது. 1873இல் எட்வர்ட் லிவிங் என்பவர் இது நரம்புகளில் கிளம்பும் புயல் என்று ஒரு புத்தகமே எழுதினார். குழாயா, நரம்பா என்ற வழக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது.

கம்பும் அதன் பங்காளியும்

1960களின் பிற்பகுதியில் நான் மதுரை வேளாண்மைக் கல்லூரி மாணவன். ஒத்தக்கடையில் யானைமலைக்கு எதிரே 1965இல் தொடங்கிய கல்லூரி அது. அப்போதுதான் கலப்பினக் கம்பு வர ஆரம்பித்திருந்தது. பயிர் நோயியல் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரு கம்பங்கதிரைக் கொண்டுவந்து காட்டினார். கதிரில் அங்கங்கே தேன் போலப் பிசுபிசுவென்று துளிகள், இளஞ்சிவப்பு நிறத்தில். எறும்பு மொய்த்திருந்தது. நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த 'தேன் ஒழுகல் நோய்'தான். பூக்கும் நேரத்தில் மப்பும் மந்தாரமுமாகத் தூறல் விழுந்தால் வரும். தேன் வடிந்த இடத்தில் பிறகு மணிக்குப் பதிலாகக் கறுப்பாக, கெட்டியாக ஒன்று முளைக்கும். அதற்குத்தான் எர்காட் என்று பெயர்.

பிற்பாடு திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது நூற்றுக்கணக்கான பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்து, விதைக் கம்பை அதில் கொட்டுங்கள். மிதக்கிறதை எல்லாம் அள்ளி எறியுங்கள். அடியில் நிற்பதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து விதையுங்கள். மிதந்து போவதில் எர்காட்டும் போய்விடும். அது கலந்த கம்பைத் தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும், மயக்கமாகத் தூங்கித் தூங்கி விழுவார்கள். ராஜஸ்தானில் 1975இல் அப்படி நிறையப் பேர் பாதிக்கப்பட்டு, ஹைதராபாத் தேசிய சத்துணவு நிறுவனத்தார் போய் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் நண்பர் ஒருவர் சொல்லி, மாசி வீதியில் இருந்த ஒரு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போனோம். அதற்கு முன்னால் போன ஓர் இடத்தில் கண்ணாடி போடச் சொல்லியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் எல்லாம் மனசுதான் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த டாக்டர் உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். ஒரு மாத்திரை எழுதினார். எர்காட்டமினும் காபீனும் சேர்ந்தது. வலி ஆரம்பிக்கும்போதே போட வேண்டும் என்றார்.

எர்காட்டமின் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். ஐரோப்பாவில் ரை என்று ஒரு தானியம். அதில் வரும் எர்காட்டை அந்த ஊர் மருத்துவச்சிகள் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார்கள், கருப்பையைச் சுருங்க வைக்கும் என்பதால். அதே எர்காட் கலந்த ரொட்டியைத் தின்று, இரத்த ஓட்டம் நின்று, கைகால் கருகிச் செத்தவர்களும் ஏராளம். சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரில், சாண்டோஸ் கம்பெனியில் ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியலாளர் 1918இல் அதிலிருந்து எர்காட்டமினைத் தனியாகப் பிரித்தார். 1920களின் நடுவில் அதை ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. 1938இல் நியூயார்க்கில் கிரஹாம், உல்ஃப் என்ற இருவர் எர்காட்டமின் ஊசி போட்டு, நெற்றிப்பொட்டில் துடிக்கும் குழாயின் துடிப்பு குறையக் குறைய வலியும் குறைவதை வரைபடமாகவே எடுத்துக் காட்டினார்கள். குழாய்க் கட்சிக்குப் பெரிய வெற்றி. இதில் ஹரால்ட் உல்ஃபுக்கே ஒற்றைத் தலைவலி உண்டு.

கம்பில் வரும் எர்காட் இதற்குப் பங்காளி முறை. பூஞ்சைக் குடும்பம் ஒன்றுதான், ஆனால் அதில் எர்காட்டமின் கிடையாது, வேறு வகை ஆல்கலாய்டுகள்தான். நம் மாகாணத்திலும் இதை ஆராயாமல் இல்லை. கோயம்புத்தூரில் கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன் முதலானோர் தென்னிந்தியாவில் எர்காட் தானாகத் தோன்றுவதைப் பற்றி 1945இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நீலகிரியில் ரை பயிரிட்டு எர்காட் எடுக்கும் வேலையும் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதை அம்மாவிடம் சொன்னேன். "ஏய்யா, கம்பக் கெடுக்கிற சீக்கா எனக்கு மருந்து?" என்று கேட்டார்.

"கம்பு இல்லம்மா, சீமையில வேற ஒரு தானியம். அதுல வர்ற சீக்கு."

"எதுல வந்தா என்னய்யா. என் வலிக்குன்னு ஒருத்தர் மருந்து எழுதிட்டாருல்ல" என்றார். மாத்திரை வேலை செய்ததைவிட, ஒரு டாக்டர் இதை நோய் என்று ஒத்துக்கொண்டதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்தச் சீட்டைப் பல வருஷம் அரிசிப் பானைக்கு மேலே இருந்த மாடத்தில் பத்திரமாக வைத்திருந்தார்.

மாத்திரை கேட்டது. அதிலேயே ஒரு வம்பும் வந்தது. கேட்கிறதே என்று அம்மா அடிக்கடி போட ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்குள் வெள்ளிக்கிழமை வலி தினசரி வலியாகிவிட்டது. விரல் நுனி எல்லாம் ஜில்லென்று மரத்துப் போயிற்று. பழைய காலத்தில் கைகால் கருகிய கதை எனக்கு ஞாபகம் வந்து பயந்து போனேன். டாக்டர் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாள் வீடே நரகமாக இருந்தது. அதற்குப் பிறகு வலி பழையபடி வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது. மருந்தை மிஞ்சிப் போட்டால் மருந்தே தலைவலியைக் கொடுக்கும் என்பது இன்று மருத்துவப் புத்தகங்களில் தனி நோயாகவே இருக்கிறது. சாதாரண வலி மாத்திரை என்றாலும் மாதத்தில் பதினைந்து நாள் தொட்டுவிட்டால் ஆபத்து. எர்காட்டமின் போன்றவற்றுக்குப் பத்து நாள்தான் கணக்கு.

குழாயா, நரம்பா?

மூளைக்கு வலி தெரியாது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. வலி தெரிவது மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் அதில் ஓடும் இரத்தக் குழாய்களுக்கும்தான். முகத்துக்கும் அந்தச் சவ்வுக்கும் உணர்ச்சி கொடுப்பது ஒரே நரம்பு. மூன்றாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பார்கள். பல் வலித்தாலும் கண் எரிந்தாலும் மூளைக்குத் தகவல் போவது அதன் வழியாகத்தான்.

என் பேத்திக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஒன்று தெரியும். "ஓரத்துல ஜரிகை மாதிரி மின்னும் தாத்தா, வளைஞ்சு வளைஞ்சு பெருசாகிட்டே போகும்" என்பாள். இருபது நிமிஷத்தில் மறைந்து, பிறகு வலி பிடிக்கும். மேல்நாட்டார் இதற்குக் கோட்டை மதில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கொத்தளம் கொத்தளமாக மடிந்து போகும் பழைய கோட்டையின் வரைபடம் போல இருப்பதால். நம் மதுரைக்கும் அப்படி ஒரு கோட்டை இருந்தது. அதை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாகத்தான் விளக்குத்தூண் நிற்கிறது.

அமெரிக்காவில் கார்ல் லாஷ்லி என்ற விஞ்ஞானிக்கும் இந்த ஜரிகை தெரியும். அவர் மனுஷன் சும்மா இருக்கவில்லை. வலி வரப்போகிறது என்று தெரிந்தும் காகிதத்தை எடுத்து, அந்த வளைவு பெரிதாகும் வேகத்தைக் குறித்துக்கொண்டார். கணக்குப் போட்டு, மூளையின் பின்பக்கத்தில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் எழுதினார். மூன்றே வருஷத்தில், 1944இல், பிரேசில் நாட்டு லியோ என்ற ஆராய்ச்சியாளர் முயல் மூளையில் அதே மாதிரி மெதுவாக ஊர்ந்து போகும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். அலை போகும் இடமெல்லாம் நரம்பு அணுக்கள் ஒரு கணம் கொதித்து, பிறகு அடங்கிப் போகின்றன. நரம்புக் கட்சிக்கு உயிர் வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே மூளைக்குள் இது ஆரம்பித்துவிடுகிறது. சிலருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், சிலருக்கு இனிப்புத் தின்னத் தோன்றும், சிலருக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும். அம்மா வெள்ளிக்கிழமை காலையில் ஓயாமல் கொட்டாவி விடுவார். அதைப் பார்த்துத்தான் அப்பத்தா கண்ணேறு என்பார்! அடையாளம் சரிதான், காரணம்தான் வேறு.

மருந்துப் பக்கம் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. நெஞ்சுவலிக்காக வந்த ப்ரோப்ரனோலால் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு ஒற்றைத் தலைவலியும் குறைவதை 1966இல் தற்செயலாகக் கவனித்தார்கள். வலி வராமல் தடுக்க இன்றும் நம் ஊர் டாக்டர்கள் எழுதும் மலிவான மாத்திரை அதுதான். இரண்டாவது, எர்காட்டமின் உடம்பு முழுக்கக் குழாய்களைச் சுருக்குகிறதே, தலைப் பக்கம் மட்டும் வேலை செய்யும் மருந்து கிடைக்காதா என்று கிளாக்ஸோ கம்பெனியில் பாட்ரிக் ஹம்ஃப்ரி குழுவினர் பல வருஷம் தேடினார்கள். செரடோனின் என்ற பொருளின் சாயலில் சுமட்ரிப்டான் பிறந்தது. 1991இல் விற்பனைக்கு வந்தது.

ஒரு பொருளைப் பிடித்தார்கள்

வழக்கு முடிந்தது இப்படி. 1980களின் ஆரம்பத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு சிறு புரதத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனில் லார்ஸ் எட்வின்சன் அது முக்கிளை நரம்பில் நிறைய இருப்பதைக் காட்டினார். இரத்தக் குழாயை விரிப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பீட்டர் கோட்ஸ்பியும் அவரும் சேர்ந்து, வலியில் துடித்துக்கொண்டிருப்பவர்களின் கழுத்து இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 1990இல் வெளியான முடிவு: வலியின்போது சி.ஜி.ஆர்.பி. ஏறியிருக்கிறது. சுமட்ரிப்டான் கொடுத்து வலி தணிந்தால் அதுவும் இறங்குகிறது என்று பிறகு காட்டினார்கள். டென்மார்க்கில் யெஸ் ஓலசன் குழுவினர் இந்தப் பொருளையே ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வலி வந்தது.

ஆக, நரம்பு தூண்டப்படுகிறது, அது இந்தப் பொருளைக் கக்குகிறது, அதனால் குழாய் விரிகிறது, சவ்வு புண்பட்டது போல ஆகிறது, வலி கூடுகிறது. வில்லிஸ் சொன்னதும் பொய்யில்லை, லிவிங் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் ஆரம்பிப்பது நரம்பு.

பிறகு மருந்துக்காரர்கள் அந்தப் பொருளையே குறிவைத்தார்கள். முதலில் வந்தவற்றில் ஒன்று ஈரலைக் கெடுக்கும் என்று பயந்து கைவிடப்பட்டது. 2018இல் எரினுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாதம் ஒரு ஊசி. வேறு நோய்க்குச் செய்து இதற்கு மாற்றிக்கொண்டதல்ல, ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே சி.ஜி.ஆர்.பி.யைக் குறிவைத்துச் செய்த முதல் ஊசி. அடுத்தடுத்து மாத்திரைகளும் வந்தன. எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலசன், அமெரிக்காவின் மாஸ்கோவிட்ஸ் ஆகிய நால்வருக்கும் 2021இல் டென்மார்க்கின் மூளை ஆராய்ச்சிப் பரிசு கொடுத்தார்கள். இந்தப் புது மருந்துகள் எல்லோருக்கும் கேட்பதில்லை, விலையும் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களை மிரட்டுகிறது. ஆனாலும் இரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய ஒரு பொருள் கிடைத்த பிறகு, இது பாசாங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

எத்தனை பேருக்கு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகக் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலு பேரில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். மனிதர்களை முடக்கிப் போடும் நோய்களின் உலகக் கணக்கில், 50 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் முதலிடம் இதற்குத்தான். எத்தனை வீடுகளில் எத்தனை உள் அறைகள் சாத்திக் கிடந்திருக்கும்!

வெள்ளிக்கிழமை ஏன்?

பேத்தியைச் சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டியபோது நானும் கூடப் போயிருந்தேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர், "தலைக்குக் குளிச்ச அன்னைக்கு வருதாம்மா?" என்றார். "ஆமா டாக்டர், ஈரத்தலையோட இருந்தா கண்டிப்பா வரும்" என்றாள் பேத்தி.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மும்பையில் தலைவலிக்கென்றே கிளினிக் நடத்தும் டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மேல்நாட்டுப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத காரணம் இது. அங்கே நம்மைப் போல இடுப்பு வரை கூந்தல் வளர்த்து, நாள் கிழமை பார்த்துத் தலைக்குக் குளிக்கும் வழக்கம் இல்லை. இங்கே ஒருவர் கேட்டு எழுதியதால் இன்று சென்னையில் ஒரு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

வீடு திரும்பும் ரயிலில் அம்மாவின் வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார், தூக்கம் குறைச்சல். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல், சீயக்காய் போட்டு அலசினால் மத்தியானம் வரை காயாது. அந்த ஈரத்தோடே நுனி முடிச்சுப் போட்டு, அதில் மல்லிகைச் சரம். வெள்ளிக்கிழமை கூடுதலாக விரதம், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வரும் வரை பச்சைத் தண்ணீர்தான். காலைக் காபியும் கிடையாது. காபிப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இல்லாததே தலைவலி தரும். ஆரப்பாளையத்திலிருந்து நடை, சித்திரை வைகாசி வெயில், கோயிலில் கூட்டம், கற்பூரம், எண்ணெய்ப் புகை. திரும்பி வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டுத் தான் சாப்பிட இரண்டு மணி ஆகும்.

தூக்கக் குறைவு, ஈரத்தலை, பட்டினி, வெயில், வாசனை. ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை என்று டாக்டர்கள் போடும் பட்டியலை வைத்துக்கொண்டு யாரோ வெள்ளிக்கிழமையைத் தயாரித்தது போல இருக்கிறது. செவ்வாயில் குளியல் மட்டும் உண்டு, விரதம் இல்லை. அதனால்தான் அது கொஞ்சம் லேசாகப் போயிற்று. அப்பத்தா கேட்டாரே, நாள் பார்த்து வரும் வலி என்ன வலி என்று. நல்ல கேள்வி அது. அதை யாராவது நிஜமாகவே கேட்டு, பதில் தேடியிருந்தால் போதும். ஒரு டம்ளர் காபியும், வாரத்தில் ஒரு நாள் குளியலைக் குறைப்பதும், வெயில் தாழக் கோயிலுக்குப் போவதும் அம்மாவின் பாதி வலியைக் குறைத்திருக்கும். அதற்கு எந்த ஊசியும் தேவைப்பட்டிருக்காது.

ஐம்பது வயதுக்கு மேல் அம்மாவுக்கு வலி தானாகக் குறைந்தது. அழகர்கோயிலுக்கு வேண்டிக்கொண்டதால் என்று வீட்டில் சொன்னார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பல பெண்களுக்கு அப்படிக் குறையும் என்று இப்போது படிக்கிறேன். அம்மா 1996இல் காலமானார். கடைசி வருஷங்களில் மல்லிகையை ஆசையாக வாங்கிச் சாமி படத்துக்குப் போடுவார், தான் வைத்துக்கொள்ள மாட்டார்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். சின்ன வயதில் இல்லாமல் ஐம்பது அறுபதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்தால், அதை ஒற்றைத் தலைவலி என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள். நெற்றிப்பொட்டுக் குழாயில் வீக்கம், கண் அழுத்தம் என்று பார்வையையே பறிக்கக்கூடிய காரணங்கள் இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் மருமகளோ பேத்தியோ இருட்டறையில் படுத்திருந்தால் கதவைத் தட்டாதீர்கள், டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். எழுந்த பிறகு, இன்று என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய், தலைக்குக் குளித்தாயா என்று கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் காலண்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பால் கணக்கு எழுதினோம், வண்ணான் கணக்கு எழுதினோம். அம்மாவின் வலியை ஒரு நாளும் எழுதவில்லை.